பாலம் இடிக்காத வழி எது?

கேள்வி: பரிஸில் இருக்கும் என் தம்பி, ஒல்லாந்தில் கட்டிய பழைய இரும்புப் படகொன்று வாங்கியிருக்கிறான். கோடையில் நாங்கள் போகும்போது ஆறும் கால்வாயுமாகத் தெற்கே மத்தியதரைக் கடல்வரை கூட்டிப்போவதாகச் சொல்கிறான். தண்ணீருக்கு மேலே படகு 3.20 மீற்றராம். பாலங்கள் இடிக்காதா என்று கேட்டால், "அதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான். நான் கடலில் தொழில் செய்தவன், ஆற்றுப் பயணம் தெரியாது. எந்த வழியால் போகலாம்?
- வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: இது போய்ப் பார்க்கிற விஷயமில்லை. கடலில் நீங்கள் அடியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துத் தொழில் செய்தீர்கள். அங்கே தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். நம் ஊரில் தேர் வந்தால் மின்கம்பியைக் கழற்றித் தருவார்கள். கல் பாலத்தை யார் கழற்றித் தருவது?

தெற்கே போக முதலில் பரிஸிலிருந்து சோன் ஆற்றை அடைய வேண்டும். அதற்குச் சில வழிகள் உண்டு. நிவெர்னே கால்வாய் மிக அழகானது என்பார்கள், ஆனால் அதன் பாலங்களுக்கு 2.70 மீற்றர்தான். அதை மறந்துவிடுங்கள். புர்கோன் கால்வாய் 3.10. அதில் புய்யி என்ற இடத்தில் 3,333 மீற்றர் நீளச் சுரங்கம் வேறு இருக்கிறது. மிஞ்சுவதில் ஒன்று, சென் மம்மெஸ் என்ற ஊரில், பரிஸ் வழியாக ஓடும் சென் ஆற்றைவிட்டுத் திரும்பி லுவாங், பிரியார், லுவார் பக்கக் கால்வாய், சாந்தர் கால்வாய் என்று சோன் கரையிலுள்ள ஷலோன் ஊருக்கு இறங்கும் வழி. அங்கே 3.50 மீற்றர். பிரான்சில் 1879இல் வந்த சட்டம், சரக்குப் படகுகளுக்காகக் கால்வாய்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொன்னது. அந்த அளவில் உள்ள வழி இது. உங்கள் தம்பிக்கு என் யோசனை இதுதான்.

ஷலோனுக்குப் பிறகு சோன், அது போய்ச் சேரும் ரோன் இரண்டும் பெரிய சரக்குப் படகுகள் ஓடும் ஆறுகள். பாலம் பற்றிய கவலை விட்டது. ரோனில் நீரோட்டம் வேகம். இறங்குவது சுகம், திரும்பி ஏறுவது என்ஜினுக்குச் சோதனை. அதை இப்போதே யோசிக்கச் சொல்லுங்கள்.

தெற்குப் பிரான்சிலுள்ள மிடி கால்வாய்க்கும் ஆசைப்பட்டால் கவனம். 1681இல் திறந்த கால்வாய் அது, பாலங்கள் வில்வளைவானவை. 3.30 மீற்றர் என்பது வளைவின் நட்டநடுவில். பக்கத்துக்குப் போகப் போக உயரம் குறையும். நடுவில் தப்பிய படகின் சுக்கான் அறைக் கூரை மூலை கல்லில் உரசும். கப்பெஸ்தான் ஊர்ப் பாலம் இதற்குப் பேர்போனது.

ஆகவே அளவு ஒன்று போதாது. காற்றில்லாத காலையில், டீசல் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் வெறுமையாக இருக்கும்போது, ஆட்களை இறக்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். நிறைந்த தொட்டியோடு அளந்தால் படகு தாழ்ந்து நின்று பொய் சொல்லும். வழியில் எண்ணெய் குறையக் குறைய அது எழும்பும். நீர்மட்டத்திலிருந்து கழற்ற முடியாத உச்சிவரை ஓர் அளவு. கூரையின் இரண்டு மூலைகளுக்கும் தனித்தனி அளவு, மூலைக்கு மூலை அகலம். அவற்றை ஒரு மட்டையில் அளவுப்படி வரைந்து வெட்டி, பாலத்தின் வளைவை வரைந்த தாளுக்குள் வைத்துப் பார்த்தால் இடிக்குமா இல்லையா என்று வீட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். ஒல்லாந்துப் படகுகள் பலவற்றில் சுக்கான் அறையை மடக்கவோ கழற்றவோ முடியும். அப்படியானால் கழற்றிய பிறகும் ஒருமுறை அளக்கட்டும்.

மழை பெய்தால் ஆறு ஏறும், பாலத்தின் கீழ் இடைவெளி அந்தளவுக்குக் குறையும். பிரான்சின் நீர்வழி நிர்வாகமான வி.என்.எஃப். வெளியிடும் அறிவித்தல்களைப் புறப்பட முன்னும் வழியிலும் பார்க்க வேண்டும். மூடிய கால்வாய்களும் அதில் வரும். சொந்தப் படகுக்கு ஆற்று ஓட்டுநர் அனுமதிப்பத்திரமும் தேவை.

இன்னொன்று, அண்ணன் என்ற உரிமையில் நீங்களே சொல்லுங்கள்: பாலம் வரும்போது பிள்ளைகள் எவரும் கூரையில் இருக்கக்கூடாது. படகு தப்பும் பாலத்தில் நிமிர்ந்திருப்பவரின் தலை தப்பாது.