பட்டா சென்னையில், உழவு தேவகோட்டையில்

கேள்வி: ஐயா, ஒரு செட்டியார் வீட்டு நிலம் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிறோம். முதலாளி சென்னையில் இருக்கிறார். பிஎம் கிசான் பணம் 2,000 ரூபாய் அவர் கணக்கில் விழுகிறது. எங்களுக்குக் கிடையாதா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கிடையாது தாயி. 2019-ல் வந்த அந்தத் திட்டம், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. பார்ப்பது பட்டாவில் இருக்கும் பேரை. சேற்றில் இறங்குவது யார் என்பதை அல்ல. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் விதி அதுதான். அதே விதிப்படி, உங்கள் முதலாளி வருமான வரி கட்டுபவராக இருந்தால் அவரும் வாங்கக் கூடாது! (இதை அவரிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், குத்தகை போய்விடும்.)

நீங்கள் விடக்கூடாதது பயிர்க் காப்பீடு. அதில் குத்தகைக்காரரும் சேரலாம். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் நாம் கட்ட வேண்டிய பிரீமியம். கண்மாயை நம்பிய சாகுபடி, ஐப்பசி மழை ஏமாற்றினால் கையில் வைக்கோல்கூட மிஞ்சாது. கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி உங்களுடையது என்று அடங்கல் வாங்கி, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு பொது சேவை மையத்துக்குப் போங்கள். முதலாளி பேரில் கட்டிவிடாதீர்கள். இழப்பீடும் சென்னைக்கே போய்விடும்.

அப்புறம், குத்தகை உழவரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. வாய்ப்பேச்சுக் குத்தகை என்றால் தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள்.