தொற்றுநோய்க் கணக்கு: கேட்டவையும் சொன்னவையும்

தொற்றுநோய் பரவலைக் கணித மாதிரிகளால் ஆராய்வது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 'எஸ்.ஐ.ஆர். மாதிரி' என்கிறார்களே, சமன்பாடு இல்லாமல் புரியவைக்க முடியுமா?

முடியும், கூட்டல் கழித்தல் மட்டும் வேண்டும். ஆயிரம் பேரை மூன்றாகப் பிரியுங்கள்: இதுவரை நோய் வராதவர்கள் (ஆங்கிலத்தில் S), இப்போது நோய் உள்ளவர்கள் (I), குணமானவர்கள் (R). பத்துப் பேருக்கு நோய்; மீதி 990 பேருக்கு வரவில்லை. ஒரு நோயாளி, சுற்றிலும் எல்லோரும் நோய் வராதவர்களாக இருந்தால், நாளொன்றுக்குச் சராசரியாக 0.4 பேருக்குத் தொற்றவைக்கிறார். (0.4 ஆள் எப்படி என்று சிரிக்காதீர்கள். ஐந்து நாளில் இரண்டு பேர்.) நோய் ஐந்து நாள் இருக்கும், அதாவது தினமும் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் குணமாவார். ஆக, இன்று புதிதாக நான்கு பேர் சேர்வார்கள், இரண்டு பேர் குணமாவார்கள். நாளைக்கு 12 நோயாளிகள்.

வேடிக்கை பிறகுதான். நோய் வராதவர்கள் 500 ஆகக் குறைந்ததும், நோயாளி சந்திக்கும் ஆட்களில் பாதிப்பேருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கும். 0.4 என்பது 0.2 ஆகிவிடும். தினமும் குணமாகும் ஐந்தில் ஒரு பங்கும் 0.2 தான். வரவும் செலவும் சமம், அதுதான் உச்சம். யாரும் எதுவும் செய்யாமலே அலை திரும்புகிறது. அத்தோடு நிற்பதில்லை. அப்போது நோயில் இருப்பவர்கள் மேலும் பலருக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வார்கள். கடைசியில் எண்ணூறு பேர் வாக்கில் நோயைப் பார்த்திருப்பார்கள்.

கேள்வி: ஆர்-நாட் என்பது கிருமியின் குணமா?

பாதிதான். சுற்றிலும் யாருக்கும் நோய் வராத நிலையில் ஒரு நோயாளி சராசரியாக மொத்தம் எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்ற எண்தான் ஆர்-நாட் (R₀). மேலே உள்ள கணக்கில் 0.4-ஐ 5 நாளால் பெருக்கினால் 2, அதுதான் ஆர்-நாட். அந்த 0.4-க்குள் மனிதர்கள் எத்தனை பேரைச் சந்திக்கிறார்கள் என்பதும் ஒளிந்திருக்கிறது. தட்டம்மைக்கு வழக்கமாக 12 முதல் 18 வரை சொல்வார்கள். 15 என்று வைத்தால், ஒருவர் கொடுக்கக்கூடிய பதினைந்து பேரில் பதினான்கு பேருக்கு, அதாவது சுமார் 93 சதவீதத்தினருக்கு எதிர்ப்புசக்தி இருந்தால்தான் பரவல் அடங்கும்.

கேள்வி: ஆர்-நாட் 2 என்றால் ஒவ்வொருவரும் இருவருக்குக் கொடுப்பாரா?

இல்லை. பலர் யாருக்குமே கொடுப்பதில்லை, ஒருவர் பத்துப் பேருக்குக் கொடுத்துவிடுவார். 2003-இல் ஹாங்காங் ஹோட்டல் ஒன்றில் தங்கிய ஒரே ஒரு நோயாளியிடமிருந்து சார்ஸ் என்ற சுவாச நோய் சக விருந்தினர்களுக்குத் தொற்றி, அவர்கள் வழியே பல நாடுகளுக்குப் போனது. சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது.

கேள்வி: இதையெல்லாம் தொடங்கியது யார்?

1760-இலேயே கணித அறிஞர் டேனியல் பெர்னூலி பெரியம்மைக்குக் கணக்குப் போட்டார். மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஒரு அளவுக்குக் கீழே குறைத்தால் போதும் என்று கணக்கால் காட்டினார். எஸ்.ஐ.ஆர். மாதிரியின் வேர் 1927-இல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கெர்மாக் அதற்கு மூன்றாண்டு முன்பு ஆய்வக வெடிவிபத்தில் பார்வை இழந்தவர். அந்தக் கட்டுரையில் 1905-06 பம்பாய் பிளேக் மரணங்களைத் தங்கள் வளைகோட்டோடு பொருத்திக் காட்டினார்கள். அழகாகப் பொருந்தியது. ஆனால் அந்தப் பிளேக் பெரும்பாலும் எலித் தெள்ளுப்பூச்சி வழியே வந்தது, ஆளுக்கு ஆள் அல்ல! கோடு பொருந்திவிட்டதாலேயே காரணமும் சரி என்று ஆகாது. எனக்கு மிகவும் பிடித்த எச்சரிக்கை இது.

கேள்வி: 2020-இல் கொரோனா பற்றிய பல கணிப்புகள் பொய்த்தனவே?

சில மோசமான கணிப்புகள்தான், மறுக்கவில்லை. ஆனால் 'இப்படியே போனால்' என்று தொடங்கிய வாக்கியத்தின் முதல் பாதியைச் செய்திகள் வெட்டிவிட்டன. மக்கள் பயந்து வீட்டில் இருந்தால் 0.4 மாறிவிடும், கணக்கும் மாறிவிடும்.

இன்னொன்று: தினசரி நோயாளிகளின் வரைபடத்தில் வலது ஓரத்துக் கடைசி சில நாட்கள் சரிவதுபோலவே தெரியும். நோய் குறைந்திருக்க வேண்டும் என்றில்லை. அறிகுறி தெரிந்த நாளை வைத்து வரைந்தால், அந்த நாட்களுக்குரிய பரிசோதனை முடிவுகள் இன்னும் வந்து சேராமல் இருக்கும். அந்த ஓரத்தை நம்பி 'இறங்குகிறது' என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: பிளஸ் டூ கணக்கு மட்டும் தெரியும். நானே செய்து பார்க்கலாமா?

தாராளமாக. எக்ஸெல்லில் மூன்று நெடுவரிசை, ஒரு வரிசைக்கு ஒரு நாள். புதிய தொற்று = 0.4 × நோயாளிகள் × (நோய் வராதவர்கள் ÷ 1000). குணமாவது = நோயாளிகளில் ஐந்தில் ஒரு பங்கு. நூறு வரிசை கீழே இழுங்கள், படம் வரையுங்கள். அப்புறம் 0.4-ஐ 0.3 ஆக்குங்கள், உச்சம் தள்ளிப்போவதோடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 0.2-க்குக் கீழே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லப்போவதில்லை, போட்டுப் பாருங்கள்.