கருப்பு மங்குவதால் குட்டி கலப்பினம் ஆகிவிடாது

ஓசூர் நண்பருக்கு வணக்கம். இரண்டு மாதத்தில் ஏறத்தாழ முழுக் கருப்பாக வாங்கிய ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி, ஐந்தாம் மாதத்தில் கால்களிலும் கன்னங்களிலும் பழுப்பேறி வருவதால், விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். இந்த மாற்றத்தை மட்டும் வைத்து அவரைச் சந்தேகிக்காதீர்கள். இந்த இனத்தில் இது இயல்பான வளர்ச்சியே.

நாயின் முடிக்குக் கருமை தரும் நிறமி ஒன்றும், செம்பழுப்பு தரும் நிறமி ஒன்றும் உண்டு. எந்த இடத்தில் எது சுரக்க வேண்டும் என்பதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஏறக்குறைய நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் குட்டிமயிர் உதிர்ந்து முதிர்ந்த முடி முளைக்கும்போது, கருப்பு கால்களிலிருந்தும் தலையிலிருந்தும் மெல்லப் பின்வாங்கி, முதுகில் சேணம் போட்டதுபோல் நின்றுவிடுகிறது. இது முழுமையடைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட டால்மேஷன் இன நாயின் குட்டிகளும் புள்ளியே இல்லாமல் வெள்ளையாகப் பிறந்து, பிறகே புள்ளி பெறுவதை நினைத்துப் பாருங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் மாந்தோப்பில் வளரும் நாய்க்குக் கோடை வெயிலில் முதுகுக் கருப்பும் சற்றுச் செம்பட்டையாகிவிடும். புதுமுடி வந்ததும் தெளிந்துவிடும். ஆனால் வெறும் பால்சோறு மட்டுமே கொடுத்து வந்தால், புரதக் குறைவாலும் கருப்பு சிவக்கக்கூடும் என்பதால், முட்டையோ இறைச்சியோ கட்டாயம் சேருங்கள். முடி கொத்தாக உதிர்ந்து, தோல் சிவந்து, குட்டி ஓயாமல் சொறிந்தால் மட்டும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.