சிங்கப்பூரின் முதல் பிரதமர்: 1955-ஆ, 1959-ஆ, 1965-ஆ?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக உலகத் தலைவர்கள் பற்றி ஒரு விளக்கப்படம் தயாரிக்கிறோம். சிங்கப்பூரின் முதல் ஆட்சித் தலைவர் டேவிட் மார்ஷல், 1955 என்கிறது ஒரு குறிப்பு. இன்னொன்று லீ குவான் யூ, 1959 என்கிறது. மூன்றாவதில் அதே லீ, 1965. எதை எழுதுவது?

பதில்: மூன்று ஆண்டுகளுக்கும் காரணம் உண்டு. ஆனால் மூன்றையும் ‘பிரதமர்’ என்ற ஒரே தலைப்பில் எழுதிவிடாதீர்கள்.

1955 ஏப்ரல் தேர்தலுக்குப் பின் மார்ஷல் ஏற்றது முதலமைச்சர் பதவி. 32 பேர் கொண்ட சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 25 பேர்தான். ராணுவமும் வெளியுறவும் உள்நாட்டுப் பாதுகாப்பும் பிரிட்டிஷ் அதிகாரிகள் கையில். முதலமைச்சருக்கென்று ஓர் அறைகூட ஒதுக்கியிருக்கவில்லை. மார்ஷல் மல்லுக்கட்டித்தான் மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு அறையைப் பெற்றார். மறு ஆண்டு லண்டன் போய்த் தன்னாட்சி கேட்டார். உள்நாட்டுப் பாதுகாப்பை விட்டுத்தர பிரிட்டன் மறுத்தது. வெறுங்கையோடு திரும்பினால் விலகுவேன் என்று சொல்லியிருந்தார். 1956 ஜூனில் விலகினார். தன்னாட்சிப் பேச்சை முடித்துக்கொண்டு வந்தது அடுத்த முதலமைச்சர் லிம் இயூ ஹாக். இடமில்லை என்று பலரும் விட்டுவிடும் பெயர் இது. நீங்கள் விடாதீர்கள்.

1959 ஜூன் 5 அன்று லீ பதவியேற்றபோதுதான் ‘பிரதமர்’ என்ற பெயர் வந்தது. அப்போதும் ராணுவமும் வெளியுறவும் பிரிட்டனிடமே இருந்தன. உள்நாட்டுப் பாதுகாப்புக்கு 7 பேர் மன்றம்: பிரிட்டன் 3, சிங்கப்பூர் 3, மலாயா 1. இரு தரப்பும் முட்டிக்கொண்டால் மலாயாவின் ஒற்றை வாக்கே தீர்ப்பு.

1963 செப்டம்பர் 16-இல் சிங்கப்பூர் மலேசியாவின் மாநிலமானது. லீ அப்போதும் பிரதமர்தான். கோலாலம்பூரில் துங்கு அப்துல் ரகுமான் நாட்டுக்கே பிரதமர். விநோதமாகத் தோன்றலாம். நம் சென்னை மாகாணத்தில் 1937-இல் ஆட்சியமைத்த ராஜாஜியையும் பிரதமர் என்றுதான் அழைத்தார்கள். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்து தனிநாடான 1965 ஆகஸ்ட் 9 அன்று லீ புதிதாகப் பதவிக்கு வரவில்லை. அவர் வகித்த பதவிதான் தனிநாட்டின் பிரதமர் பதவியாயிற்று.

ஆகவே படத்தில் மார்ஷல், லிம் இருவரையும் முதலமைச்சர்கள் என்றும், லீயை 1959 முதல் 1990 வரை பிரதமர் என்றும் எழுதி, 1965-இல் விடுதலைக்கு ஒரு தனிக் கோடு போடுங்கள். ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் ‘முதல் பிரதமர் லீ, 1959’ போதும்.

கானாவையும் இலங்கையையும் சேர்க்கிறீர்கள் என்றால் அங்கும் இதே கவனம் தேவை. நக்ருமா பிரதமரானது 1952, கானா விடுதலை 1957. டி. எஸ். சேனநாயக்க பிரதமரானது 1947, இலங்கை விடுதலை 1948 பிப்ரவரி 4.