பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ண எந்த முறை நல்லது?

கேள்வி இதுதான்: "பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ண ஹை-லோ, கே.ஓ., ஒமேகா 2 என்று பல முறைகள் சொல்கிறார்கள். எது சிறந்தது? புதிதாகக் கற்பவர் எதில் தொடங்கலாம்?"

ஹை-லோ. அதில் வரும் வகுத்தல் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கே.ஓ. ஒமேகா 2 பக்கம் போகாதீர்கள். நான் போய்ப் பட்டவன், கீழே சொல்கிறேன். பிளாக்ஜாக் தெரியாதவர்களுக்கு: 21-ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரைவிட அதிகம் சேர்க்கும் சீட்டாட்டம் அது. போன சீட்டைக் கவனித்து மிச்சம் எப்படி என்று கணக்கிடுவதுதான் சீட்டு எண்ணுவது.

எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். பயணிகள் கப்பல் ஒன்றின் கேசினோவில் ஆறு வருடம் டீலராக நின்றேன். கப்பல் துறைமுகத்தில் கிடக்கும்போது கேசினோ பூட்டியிருக்கும், நடுக்கடலுக்குப் போன பிறகுதான் திறப்போம். ஊரில் கப்பல் வேலை என்றால் எஞ்சின் ரூம் என்றே நினைத்துக்கொண்டார்கள். அம்மாவும் அதைத் திருத்தப் போகவில்லை.

ஆனால் சீட்டைக் கவனிக்கப் பழகியது கப்பலில் அல்ல, பெரியப்பா வீட்டுத் திண்ணையில். மழை பிடித்துவிட்டால் ரப்பர் பால் வெட்டு கிடையாது, 'இருபத்தெட்டு' என்ற ஆட்டத்துக்குச் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். பணம் வைப்பதில்லை. தோற்ற ஜோடி பலா இலையைக் காதில் குணுக்கு மாதிரி தொங்கவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. போனது எது, யார் கையில் எது இருக்கும் என்று பெரியப்பா ஒன்றுவிடாமல் வைத்திருப்பார். "இஸ்பேட் ஜாக்கி இன்னும் வரல்ல, அதுக்குள்ள எதுக்குல ஒம்பத எறக்குன?" என்று அவர் கேட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பிளாக்ஜாக்கில் அந்த அளவு ஞாபகம் தேவையில்லை. மிச்சமிருக்கும் கட்டில் பெரிய சீட்டு அதிகமா, சின்னச் சீட்டு அதிகமா என்று தெரிந்தால் போதும். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் அதிகம் மிஞ்சியிருந்தால் ஆடுபவருக்கு நல்லது. முதல் இரண்டு சீட்டு ஏஸும் பத்துமாக (பத்து என்றால் படச்சீட்டும் சேர்த்தி) ஜோடியாக விழுந்தால் அதற்குப் பெயரும் பிளாக்ஜாக்தான். அது விழும் வாய்ப்பு உங்களுக்கும் டீலருக்கும் ஒன்றுதான். ஆனால் உங்களுக்கு விழுந்தால் 2 ரூபாய்க்கு 3 ரூபாய் தருவார்கள், டீலருக்கு விழுந்தால் நீங்கள் வைத்த 2 ரூபாய் மட்டும்தான் போகும். அப்புறம், 16 வரை டீலர் கட்டாயம் அடுத்த சீட்டு எடுத்தாக வேண்டும். பெரிய சீட்டு வந்தால் 21-ஐத் தாண்டி உடைவார். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நின்றுவிடலாம்.

இதைக் கணக்குப் போட்டு உலகத்துக்குச் சொன்னவர் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர், 1962-இல். எந்தச் சீட்டு ஒழிந்தால் ஆடுபவருக்கு அதிக லாபம் என்று பார்த்தால் அது ஐந்து. அதனால் ஐந்தை மட்டும் எண்ணும் முறையைத்தான் அவர் முதலில் கற்பித்தார். ஹார்வி டப்னர் என்பவர் 1963-இல் ஹை-லோவைச் சொன்னார். 2 முதல் 6 வரை எது வந்தாலும் +1. 7, 8, 9-க்கு ஒன்றும் இல்லை. பத்து, படச்சீட்டு, ஏஸ் வந்தால் −1. கூட்டிக்கொண்டே வர வேண்டியதுதான்.

அந்தக் கூட்டலை அப்படியே நம்பக் கூடாது. மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அதற்குப் பெயர் ட்ரூ கவுன்ட். ஆறு கட்டு ஆட்டத்தில் கணக்கு +9, இன்னும் மூன்று கட்டு மிச்சம் என்றால் ட்ரூ கவுன்ட் +3. எந்தக் கைக்கு எடுப்பது, எதற்கு நிற்பது என்ற அடிப்படை ஆட்டமுறையைப் பிசகாமல் ஆடினாலும் சாதாரணமாக வீட்டுக்கு, அதாவது கேசினோவுக்கு, அரை சதவீதம் சாதகம் உண்டு. ட்ரூ கவுன்ட் ஒன்று ஏறினால் ஏறக்குறைய அரை சதவீதம் உங்கள் பக்கம் சாயும். +1-இல் சமம், +3-இல் ஒரு சதவீதம் உங்களுக்கு. பந்தயத்தைக் கூட்டுவது அங்கேதான்.

வகுத்தல்தான் பலரைக் கவிழ்ப்பது. கே.ஓ. முறை அதைத் தூக்கிப் போடுகிறது. ஹை-லோவேதான், ஒரே மாற்றம், ஏழுக்கும் +1. அதனால் கட்டு முழுவதும் எண்ணினால் பூஜ்யம் வராது, +4 வரும். அதை ஈடுகட்ட முதலிலேயே கீழிருந்து தொடங்குவார்கள்: ஆறு கட்டு ஆட்டத்துக்கு −20. எண்ணிக்கொண்டே போய் −4 வந்தால் சாதகம் தொடங்கிவிட்டது, பந்தயத்தைக் கூட்டு என்பது விதி.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? ஓட்டை எங்கே என்று பாருங்கள். ஒரு கட்டு மட்டும் போய் ஐந்து கட்டு மிச்சமிருக்கும்போது −4 வந்தால், ட்ரூ கவுன்ட் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் +2.4 வருகிறது, நல்ல நிலைமை, இன்னும் முன்பே கூட்டியிருக்கலாம். அதே −4 கடைசி ஒரு கட்டு மிச்சமிருக்கும்போது வந்தால் ட்ரூ கவுன்ட் −4. மோசமான நிலைமை, அங்கே போய்ப் பந்தயம் கூட்டினால் பணத்தை ஆற்றில் போடுவது மாதிரி. எண் +4-ஐத் தொடும் இடத்தில் மட்டும்தான் எத்தனை கட்டு மிச்சமிருந்தாலும் கே.ஓ. பொய் சொல்லாது. அதிலிருந்து விலக விலகத் தப்பு கூடும். ஆனாலும் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவே தப்பாக வகுப்பதைவிட இந்தத் தப்பு சின்னது என்பது என் அபிப்பிராயம்.

இனி ஒமேகா 2. பிரைஸ் கார்ல்சன் வகுத்தது. 2, 3, 7-க்கு +1, 4, 5, 6-க்கு +2, 9-க்கு −1, பத்துக்கும் படத்துக்கும் −2, 8-க்கும் ஏஸுக்கும் ஒன்றும் இல்லை. மேசையில் 5, ராஜா, 9, 7, 6, ஏஸ், ராணி, 4 கிடக்கிறது என்று வையுங்கள். ஹை-லோவில் பூஜ்யம். கே.ஓ.வில் +1. ஒமேகாவில் +2, அதோடு 'ஒரு ஏஸ் போயிற்று' என்று தனியாக ஒரு கணக்கும் மனதில் ஓட வேண்டும். அந்தத் தனிக் கணக்கு இல்லாவிட்டால் ஒமேகாவுக்கு மதிப்பு குறைந்துவிடும்.

ஏன் என்றால், ஒரு முறையை இரண்டு விதமாக எடை போடுவார்கள். எவ்வளவு பந்தயம் வைக்கலாம் என்று அது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பது ஒன்று. கையில் இருப்பதை வைத்து எடுப்பதா நிற்பதா என்று எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் முழு மதிப்பெண் 1. ஹை-லோவுக்குப் பந்தயத்தில் 0.97, ஆட்டத்தில் 0.51. கே.ஓ.வுக்கு 0.98, 0.55. ஒமேகாவுக்கு 0.92, 0.67. அதாவது ஒமேகா ஆட்டத்தில் கெட்டி, பந்தயத்தில் பின்தங்கல், ஏஸை எண்ணாததால். ஒற்றைக் கட்டு ஆட்டத்தில் கையாடும் திறமைக்கு மதிப்பு உண்டு. ஆறு கட்டு, எட்டு கட்டு ஆட்டத்தில் பந்தயத்தைச் சரியான நேரத்தில் ஏற்றுவதுதான் காசு. ஜென், வாங் ஹாவ்ஸ் என்று இன்னும் முறைகள் உண்டு. வாங் ஹாவ்ஸில் அரை, ஒன்றரை என்று பின்னம் எல்லாம் வரும். பொழுது போகாதவர்களுக்கு நல்லது.

என் கதை. வேலையை விட்டு வந்த பிறகு நாலு மாதம் ஒமேகா பழகினேன். வீட்டில் தப்பே வராது. மச்சானையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் இருந்து காந்திதாம் ரயில் பிடித்து கோவாவில் மட்காவில் இறங்கி, பணஜியில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோ ஒன்றில் ஏறினோம். ஏஸ் கணக்கை விரலில் வைத்தால் தெரிந்துவிடும் என்று பாதத்தைத் திருப்பி வைத்து எண்ணினேன். பாதி ஆட்டத்தில் மச்சான் குனிந்து, "காலு மரத்துப் போச்சா?" என்று கேட்டான். ஏஸ் மூன்றா நாலா என்பது போயிற்று. கூட்டலும் போயிற்று. 18,000 ரூபாயும் போயிற்று. இதைவிடக் கேவலம், நான் அடுத்து உட்கார்ந்த மேசையில் ஒவ்வொரு கை முடிந்ததும் சீட்டை உள்ளே வாங்கிக் கலக்கிக்கொண்டே இருக்கும் எந்திரம். அங்கே எந்த முறையில் எண்ணினாலும் பூஜ்யம்தான். ஆறு வருடம் டீலராக நின்றவன் முதலில் பார்க்க வேண்டியது அது. ஏஸ் யோசனையில் பார்க்காமல் விட்டேன்.

டீலர் பக்கம் நின்று சொல்கிறேன், எங்களுக்குப் பயம் ஒமேகா ஆள்மேல் கிடையாது. எந்த இடத்தில் நிறுத்திக் கலைப்பது என்று காட்டும் கட் கார்டு எங்கே செருகப்படுகிறது என்று கவனிக்கும் ஆள்மேல்தான். ஆறு கட்டில் கடைசி இரண்டு கட்டை ஒதுக்கிவிட்டால் நல்ல கணக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஒன்றுதான் ஒதுக்குகிறார்கள் என்றால் சாதாரண ஹை-லோவே வேலை செய்யும். அதேபோல பிளாக்ஜாக்குக்கு 2-க்கு 3 இல்லாமல் 5-க்கு 6 என்று மேசையில் எழுதியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஒரு வரியில் வீட்டுக்குச் சுமார் 1.4 சதவீதம் கூடுதலாகப் போகிறது.

மனதால் எண்ணுவது குற்றம் அல்ல. அமெரிக்காவின் நெவாடாவில் கருவி வைத்து எண்ணினால்தான் குற்றம். ஆனால் வெளியே போகச் சொல்ல அங்கே கேசினோவுக்கு உரிமை உண்டு. நியூ ஜெர்சியில் கென் அஸ்டன் என்ற சீட்டு எண்ணும் ஆட்டக்காரர் வழக்குப் போட்டு 1982-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்ததால் அட்லாண்டிக் சிட்டியில் அப்படித் துரத்த முடியாது. நம்மூர்ச் சூதாட்டச் சட்டம் வேறு, தமிழ்நாட்டில் இதற்கு இடமே இல்லை. கம்ப்யூட்டர் சீட்டுப் போடும் ஆன்லைன் ஆட்டத்தில் கைக்குக் கை புதிதாகக் கலைப்பதால் எண்ணி ஒரு பயனும் இல்லை.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதவீதச் சாதகத்தோடு ஆயிரம் ரூபாய் வீதம் 100 கை ஆடினால் சராசரி லாபம் ஆயிரம் ரூபாய். அந்த 100 கையில் சாதாரணமாக வரும் ஏற்ற இறக்கம் 11,500 ரூபாய் அளவு. எல்லாம் சரியாகச் செய்தும் கையைக் கடித்துக்கொண்டு வரும் நாள் நிறைய வரும்.

பழக வேண்டும் என்றால் வீட்டிலேயே பழகலாம், செலவு ஒரு சீட்டுக்கட்டு. ஒரு சீட்டைப் பார்க்காமல் கவிழ்த்து ஒதுக்கி வையுங்கள். மிச்சம் 51-ஐ ஹை-லோவில் எண்ணுங்கள். +1-இல் முடிந்தால் கவிழ்ந்து கிடப்பது பெரிய சீட்டு, −1 என்றால் சின்னது, பூஜ்யம் என்றால் 7, 8, 9-இல் ஒன்று. அரை நிமிடத்துக்குள் தப்பில்லாமல் வர வேண்டும், அதுவும் டிவி ஓடும் அறையில்.

போன மழையில் பெரியப்பாவிடம் இதைச் செய்து காட்டினேன். +1 வந்தது. "பெரிய சீட்டு" என்றேன், திருப்பினால் ராணி. அவர் வெற்றிலையை ஓரம் ஒதுக்கிவிட்டு, "பெருசுன்னு மட்டும் சொன்னா ஆச்சா மக்கா, எந்தச் சீட்டுன்னு சொல்லு" என்றார்.