இந்தியாக்காரங்க காம்பரா

அன்புள்ள ஐயா,

போன வாரம் இலங்கைத் தோட்டத் தமிழரைப் பற்றி எழுதியதில், 'எழுபதுகளில் நிறையப் பேர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் கோத்தகிரியில் டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டில் பிறந்தவன். அம்மா இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பிறந்தவர். எங்களை இங்கே இன்னும் சிலோன்காரர் என்றுதான் சொல்கிறார்கள். போனார்களா, அனுப்பினார்களா?

(ஒரு வாசகர், கோத்தகிரி)

அன்புள்ள தம்பி,

அந்த வரி என் சோம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன். அனுப்பினார்கள். 1948இல் இலங்கை அரசாங்கம் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே இலங்கையில், மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போடப்பட்ட சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு விண்ணப்பம் கேட்டபோது இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அந்த 525,000ஐத் தொடவே இல்லை.

சரி, தாங்களாக எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. அந்த வயிற்றோடு வைத்த கைநாட்டை விருப்பம் என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தொங்கல் காம்பராவில் (கடைசி அறையில்) இருந்த குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பெரியம்மா அம்மியைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல் எங்கள் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்துவிட்டு, குழவியை மட்டும் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டார், எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தலைமன்னார் வரை கோச்சி (ரயில்), ராமேஸ்வரம் வரை கப்பல், அங்கிருந்து மண்டபம் முகாம். அவர் பிறந்ததும் பிள்ளை பெற்றதும் அதே லயத்தில். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. தமிழ்நாட்டு அரசாங்கக் கடதாசியில் அவருக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'!

அடுத்த மாசமே புதுசாகக் கல்யாணமான ஒரு சோடி அந்தக் காம்பராவுக்கு வந்தது. காம்பரா காலியாகாதா என்று காத்திருந்தவர்கள்தான், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்போது மூன்றாவது குடும்பம் இருக்கிறது. ஆனாலும் லயத்தில் அது 'இந்தியாக்காரங்க காம்பரா'தான். உங்களை அங்கே சிலோன்காரர் என்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வந்தது.

அம்மி எங்களிடம் இருக்கிறது, வேறு குழவியோடு. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். வெறுமனே ஹட்டன் பக்கம் என்றால், இங்கே பாதி மலை ஹட்டன் பக்கம்தான்.