அப்பா கமராவைப் பார்க்கட்டும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். வருகிற ஓகஸ்டில் அக்கா குடும்பம் டொரொண்டோவில் இருந்தும் தம்பி குடும்பம் லண்டனில் இருந்தும் வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகச் சேர்வது இதுதான் முதல் தடவை. கடற்கரையில் குடும்பப் படம் எடுக்க ஆள் பேசியிருக்கிறோம். வரிசையாக நிற்க வைக்காமல், தெரியாத மாதிரி எடுக்கும் கேண்டிட் படங்கள்தான் எல்லாருக்கும் விருப்பம். அவர் அனுப்பிய மாதிரிப் படங்களில் குடும்பமே வெள்ளை உடுப்புப் போட்டு, கை கோத்து நடந்து சிரிக்கிறது.

பிரச்சினை அப்பாதான். வயது 76. அரசாங்கக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கமராவைக் கண்டால் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி நின்றுவிடுவார். "ஐயாவைக் கமராவைப் பார்க்காமல் சும்மா சிரிக்கச் சொல்லுங்கோ" என்றார் படம் எடுப்பவர். அப்பாவிடம் சொன்னோம். "அப்ப நான் வரேல்ல, நீங்கள் போய் எடுங்கோ" என்றுவிட்டார். 83 கலவரத்தில் வீடு எரிந்தபோது அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் இருந்த கலியாணப் படம் ஒன்றுதான் மிச்சம். அதிலும் அப்பா இப்படித்தான் நிற்கிறார். அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

அன்புத் தங்கைக்கு,

வழிக்குக் கொண்டுவர வேண்டாம். அப்பா எப்படி நிற்பாரோ அப்படியே நிற்கட்டும். அந்தப் படத்தை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அவர் வளர்ந்த காலத்தில் படம் எடுப்பது ஒரு செலவு. ஸ்டூடியோவில் ஓடிய பெரிய பிலிம் ரோலில் 12 படம்தான் வரும். ஒருவர் கண்ணை மூடினால் அந்தப் படம் போயிற்று, காசும் போயிற்று. பொத்தானைப் பூட்டி, மூச்சைப் பிடித்து, அசையாமல் நிற்பதுதான் அன்றைக்கு ஒரு தகப்பன் குடும்பப் படத்துக்குச் செய்யக்கூடிய உதவி. இன்றைக்கும் அவர் அதைத்தான் செய்கிறார். அந்த மனிதரிடம் போய்க் கமராவைப் பார்க்காதே, சிரி என்றால், அவருக்குத் தெரிந்த ஒரே வேலையையும் வேண்டாம் என்று சொல்வதாகத்தான் கேட்கும். வரமாட்டேன் என்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நீங்கள் விரும்புகிற படங்களுக்கும் அந்த விறைப்பான படம்தான் வாசல். கடற்கரையில் குடும்பங்களைப் படம் எடுக்கும்போது திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இது. "எல்லாரும் வாங்கோ, ஒரு படம்" என்றதும் என்ன நடக்கும்? அப்பா ஆட்களை ஒழுங்குபடுத்துவார். உயரமான பேரனைப் பின்னுக்கு அனுப்புவார். அம்மா வந்து அவருடைய கொலரை இழுத்து விடுவார். அவர் வேண்டாம் என்று தலையைத் திருப்பினாலும் நகரமாட்டார். சின்னது ஒன்று மண்ணை விட்டு வரமாட்டேன் என்று அழும், அதைத் தூக்க மூன்று பேர் ஓடுவார்கள். கமரா தங்களைப் பார்க்கிறது என்பதையே அந்த நேரத்தில் எல்லாரும் மறந்திருப்பார்கள், ஏனென்றால் படம் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், "சரி, முடிஞ்சுது" என்று சொன்ன மறுகணம். பிடித்திருந்த மூச்சு வெளியே வரும், தோள் இறங்கும், யாரோ ஒருவர் பக்கத்தில் நிற்பவர் மேல் சாய்வார். நிறையப் பேர் அந்த இடத்தில்தான் கமராவை இறக்கித் திரையில் படம் சரியா என்று பார்க்கிறார்கள். உங்கள் ஆளிடம் சொல்லுங்கள், அப்போது மட்டும் இறக்க வேண்டாம்.

கல்கிசைக் கடற்கரையில் ஒரு குடும்பத்தை எடுத்தேன். மகன் சுவிஸில் இருந்து வந்திருந்தார். "அப்பா சிரியுங்கோ, சிரியுங்கோ" என்று விடாமல் சொன்னார். அவரும் சிரித்தார். பிறகு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மகனே, "இது எங்கட அப்பா மாதிரி இல்லை" என்றார். அவர்கள் சட்டம் போட்டு மாட்டியது வேறொன்று. எல்லாரும் அலையில் நிற்க, தகப்பன் கரையில் இருந்து எல்லாருடைய செருப்பையும் சோடி சோடியாக அடுக்கிக்கொண்டிருக்கிற படம். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. எந்தக் குடும்பத்திலும் கடற்கரைக்குப் போனால் செருப்புக்கும் பைக்கும் காவல் நிற்கிற ஒருவர் இருப்பார். அவரைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

இடத்தைப் பற்றி. வெள்ளவத்தையில் வீட்டுக்குக் கிட்ட என்றாலும் பத்துப் பேரோடு அங்கே போவதை நான் விரும்பமாட்டேன். தண்டவாளத்தைக் கடக்க வேண்டும், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது, மறுபக்கத்தில் கல். தண்டவாளத்தில் நின்று எடுப்போம் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

கொழும்பின் கடலோரத் திடலான காலிமுகத்திடலுக்குப் போங்கள். நடைபாதை சமதரை, அப்பாவின் காலுக்கு நல்லது. 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அதைக் கட்டி முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணும்படி தனக்குப் பின்னால் வருபவர்களைக் கேட்டுக் கல்லில் எழுதி வைத்தார். இன்றைக்கும் பின்னேரத்தில் அங்கே குடும்பம் குடும்பமாக இறால் வடை சாப்பிட்டுக்கொண்டு நிற்பார்கள், உங்களை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கமராக் கூச்சம் உள்ள ஒருவருக்கு ஆளில்லாத கரையைவிட இந்தச் சனக்கூட்டம் பெரிய ஆறுதல்.

ஓகஸ்ட் பட்டக் காலம் வேறு. ஒரு பட்டம் வாங்கி அப்பாவின் கையில் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் என்றால் முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு) கட்டத் தெரியாமல் இருக்காது, காற்றில் ஒலி எழுப்பும் விண் பூட்டி ஏற்றிய கதையும் வரும். கடையில் விற்கிற பட்டத்தின் முச்சையைப் பார்த்து, இது சரியில்லை என்று அவிழ்க்கத் தொடங்குவார். பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். டொரொண்டோப் பிள்ளைக்குத் தமிழ் தட்டுத் தடுமாறினாலும் நூலைப் பிடிக்க மொழி வேண்டாம். அந்த நேரத்தில் படம் எடுப்பவர் எதுவும் சொல்லக்கூடாது. இங்கே பாருங்கள், அங்கே திரும்புங்கள் எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயம் படம் எடுப்பவர் கவனிக்க வேண்டும். தென்மேல் காற்று கடலில் இருந்து வருவதால் பட்டம் தரைப்பக்கம் ஏறும். அப்பாவுக்குப் பின்னால் கடலும் சூரியனும் இருக்கும். வானத்தின் வெளிச்சத்துக்குக் கமராவில் அளவு வைத்தால் முகம் கறுத்துப் போகும். முகத்துக்கு அளவு வைக்கட்டும், வானம் வெளிறினால் வெளிறட்டும். ஓடுகிற பிள்ளைகளுக்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடிக்குக் குறைய வேண்டாம். தூரத்தில் நின்று பெரிய லென்ஸால் ஒளித்து எடுப்பதைவிட 35 மி.மீ. லென்ஸோடு கிட்ட நிற்பது நல்லது. ஒளித்து எடுப்பதை வயதானவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு நம்பமாட்டார்கள். உப்புக் காற்றில் லென்ஸ் மாற்றுவதும் கூடாது, ஆகவே ஒன்றோடு வந்தாலே போதும்.

ஐந்து மணிக்கே போய்விடுங்கள். ஓகஸ்டில் சூரியன் ஆறே காலுக்குப் பிறகுதான் மறையும், ஆனால் மறைந்தால் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். மேகம் மூடியிருந்தாலும் பின்போட வேண்டாம், அந்த மென்மையான வெளிச்சம் முகங்களுக்கு நல்லது. கடல் அந்த மாதத்தில் கொந்தளிப்பாக இருக்கும், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

வெள்ளை உடுப்பு வேண்டவே வேண்டாம். அலை ஒன்று தெறித்தால் வெள்ளை நனைந்து உடம்போடு ஒட்டும், பெண்கள் மிச்ச நேரமெல்லாம் சால்வையை இழுத்துக்கொண்டே நிற்க வேண்டி வரும். அம்மா தனக்குப் பிடித்த சேலையைக் கட்டட்டும். அப்பா கந்தோருக்குப் போட்ட மாதிரி முழுக்கைச் சட்டையே போடட்டும், மேல் பொத்தானையும் பூட்டட்டும்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் முக்கியம். கணினியில் முகங்களை வெளுப்பாக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காமலே அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் நிறமும் நெற்றிச் சுருக்கமும் அப்படியே பேரப்பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டும்.

படங்களைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் தாளில் அச்சடித்து, கொழும்பு, டொரொண்டோ, லண்டன் என்று மூன்று வீட்டிலும் ஒவ்வொரு அல்பம் வையுங்கள். ஏன் என்று உங்கள் வீட்டுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் படங்களைத் தன் முகநூல் பக்கத்தில் விளம்பரமாகப் போடலாமா என்று படம் எடுப்பவர் கேட்கக்கூடும். கேட்காமலும் போடக்கூடும். அதற்கு உங்கள் பதில் என்ன என்பதை அக்காவோடும் தம்பியோடும் கதைத்து முடிவு செய்து, முன்பணம் கொடுக்கிற அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணா